அரை விநாடி பிந்தி நகரும் அயர்ன்: வெப்கேமராவில் ஒரு சாலிடரிங் பார்வைக் கருவி

0603 என்ற அளவுக் குறியீட்டில் வரும் மின்தடையின் நீளம் 1.6 மி.மீ., அகலம் 0.8 மி.மீ. ஒரு கையில் ட்வீசர், மறு கையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்ன் என்று இரண்டு கையும் நிறைந்த பிறகு பூதக்கண்ணாடியைப் பிடிக்க எவருக்கும் மூன்றாவது கை இல்லை. சும்மா கிடந்த பழைய வெப்கேமராவை மின்சுற்றுப் பலகைக்கு மேலே தொங்கவிட்டு, திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டே பற்றவைக்கலாம் என்று இறங்கினேன். படம் எளிதாகவே வந்துவிட்டது. ஆனால் அயர்னை நகர்த்தினால், திரையில் இருக்கும் அயர்ன் ஏறக்குறைய அரை விநாடி கழித்துத்தான் நகர்ந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அரை விநாடி பெரிதாகத் தெரியாது. ஈயம் உருகிக்கொண்டிருக்கும்போது அது மிக நீண்ட நேரம். முனை எங்கே இருக்கிறது என்று திரை சொல்வதற்குள் அது பக்கத்து இணைப்பில் போய் நின்றுவிடும்.

இப்போது அந்தத் தாமதம் ஏறக்குறைய 100 மில்லி விநாடிக்கு வந்துவிட்டது, வேலை நடக்கிறது. 450 இலிருந்து 100க்கு எப்படி இறங்கியது என்பதை, அளந்த எண்களோடு எழுதிவைக்கிறேன். மென்பொருள் தரப்பில் பைத்தானும், ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகமும் மட்டும்தான். இயங்குதளம் லினக்ஸ். கேமரா சாதாரண யுஎஸ்பி 2.0 வகை, ஆட்டோஃபோகஸ் கிடையாது. இந்த வேலைக்கு ஆட்டோஃபோகஸ் இல்லாததே நல்லது. அது இருந்தால் அயர்ன் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் முன்னும் பின்னும் தேட ஆரம்பித்துவிடும்.

லென்ஸை வெளியே இழுத்தல்

நிலையான ஃபோகஸ் கொண்ட வெப்கேமரா, முகம் பார்க்கும் தூரத்துக்காகத் தொழிற்சாலையில் அமைத்து, ஒரு சொட்டுப் பசையால் பூட்டப்பட்டு வருகிறது. மேல்மூடியைக் கழற்றினால் லென்ஸ் குழல் மரையில் உட்கார்ந்திருப்பது தெரியும். பசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, குழலை இடப்பக்கமாகச் சுழற்ற வேண்டும். லென்ஸ், படம் விழும் ஒளி உணரியை விட்டு விலக விலக, கிட்டத்தில் உள்ள பொருள் தெளிவாகும். எவ்வளவு விலக வேண்டும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 4 மி.மீ. குவியத் தூரம் கொண்ட லென்ஸுக்கு, 6 செ.மீ.க்குச் சற்று மேல் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டக் கால் மில்லிமீட்டர் விலகினால் போதும். மரையில் அது அரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஆகவே திரையைப் பார்த்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. பசையை எடுத்த பிறகு குழல் தொளதொளவென்று ஆடியது. மரையில் டெஃப்லான் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றியதும் அந்த ஆட்டம் நின்றது.

அடுத்து இரும்பு அளவுகோலைக் கேமராவுக்கு அடியில் வைத்து, படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணினேன். கண்ணாடியிலிருந்து 6 செ.மீ. தூரத்தில் 48 மி.மீ. தெரிந்தது. படத்தின் அகலம் 640 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 13 பிக்சல். அப்படியானால் 0603 மின்தடை திரையில் 21-க்கு 11 பிக்சல் கொண்ட ஒரு கறை, அவ்வளவுதான். ஈயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அந்தக் கறையில் தெரியாது. 1280 பிக்சல் அகலத்தில் எடுத்தால் மில்லிமீட்டருக்கு 26 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். மின்தடை 43-க்கு 21 ஆகிவிடும். பிடிவாதமாக 1280 × 720-க்குப் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் சுழற்சி

நிரல் பத்து வரி. வீடியோகேப்சர் பொருளை உருவாக்கு, சுழற்சிக்குள் ரீட் செய்து ஒரு ஃபிரேமை (ஒற்றைப் படத்தை) வாங்கு, இம்ஷோவால் சாளரத்தில் காட்டு, வெயிட்கீயை அழை, க்யூ எழுத்தை அழுத்தினால் வெளியே வா. வெயிட்கீயை விட்டுவிட்டால் சாம்பல் நிறச் சாளரம் மட்டும்தான் வரும், படம் வராது. சாளரத்தை உண்மையில் வரையும் வேலையும், விசைகளைக் கவனிக்கும் வேலையும் அந்த அழைப்புக்குள்தான் நடக்கின்றன. இன்னொன்று, ரீட் திருப்பித் தரும் முதல் மதிப்பு ஆம்-இல்லை. அதைப் பார்க்காமல் இரண்டாவதை எடுத்துக் காட்டப் போனால், கேபிள் ஒருமுறை அசைந்ததும் நிரல் செத்துவிடும்.

கேமராவை என் கைக்கு எதிர்ப்புறமிருந்து தொங்கவிட்டிருந்தேன், இல்லையென்றால் அதன் தண்டு முழங்கையில் இடிக்கிறது. அதனால் படம் தலைகீழாக வந்தது. ஃபிளிப் செயல்பாட்டுக்கு 1 கொடுத்தால் கண்ணாடிப் பிம்பம். சிப்பின் மேல் உள்ள எழுத்துகள் இடவலம் மாறிவிடும். -1 கொடுத்தால்தான் இரு அச்சிலும் புரண்டு, 180 பாகை சுழற்றியதற்குச் சமமாகும். இது சரியாக இல்லாமல் பற்றவைக்க முயன்று பாருங்கள், கை வலப்புறம் போகச் சொன்னால் மூளை ஒத்துழைக்காது.

பத்து ஃபிரேம் ஏன்?

640 × 480 இல் விநாடிக்கு 30 ஃபிரேம் வந்த கேமரா, 1280 × 720 கேட்டதும் பத்துக்கு விழுந்தது. கணினி பழையது, செயலி திணறுகிறது என்றுதான் முதலில் தோன்றும். செயலியின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் செயலி பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறது. சிக்கல் கம்பியில்.

லினக்ஸின் கேமரா இடைமுகமான வி4எல்2-க்குரிய வி4எல்2-சிடிஎல் கருவியில் லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட் என்று கேட்டால், கேமரா எந்த வடிவத்தில், எந்த அளவில், என்ன வேகத்தில் படம் தரும் என்று முழுப் பட்டியல் கிடைக்கும். என் கேமரா 1280 × 720-ஐ ஒய்யுஒய்வி வடிவத்தில் விநாடிக்கு 10 தான் தருகிறது. ஒய்யுஒய்வி என்பது சுருக்காத வடிவம், பிக்சலுக்கு இரண்டு பைட். ஒரு ஃபிரேம் 18,43,200 பைட். பத்து ஃபிரேமுக்கு விநாடிக்கு 1,84,32,000 பைட். இப்போது 640 × 480-ஐ 30 ஃபிரேமுக்குப் பெருக்கிப் பாருங்கள், அதே 1,84,32,000. ஒரு பைட் கூடக் குறைய மாறவில்லை.

இது ஏதோ தற்செயல் இல்லை. யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட் என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் வெப்கேமராக்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஐசோக்ரோனஸ் (சீரான இடைவெளியில் அனுப்பும்) முறையில், 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை அதிகபட்சம் 1024 பைட் வீதம் மூன்று பொட்டலம்தான் போக முடியும். விநாடிக்கு 8,000 முறை, முறைக்கு 3,072 பைட். மொத்தம் 2,45,76,000. 720 வரிப் படத்தை 15 ஃபிரேமில் அனுப்ப 2,76,48,000 தேவை. அது உள்ளே அடங்காது, 10 அடங்கும். கேமராவைச் செய்தவர்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் 10 என்று எழுதியிருக்கிறார்கள்.

வழி, எம்ஜேபிஜி. ஒவ்வொரு ஃபிரேமையும் கேமராவே ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும், 30 ஃபிரேம் தாராளமாகக் கம்பியில் போகும். ஓப்பன்சிவியில் இதைக் கேட்கும் வரிசை முக்கியம். முதலில் பட வடிவத்தைச் சொல்லும் ஃபோர்சிசி குறியீட்டை எம்ஜேபிஜி என்று அமைத்துவிட்டு, பிறகு அகலம், உயரம், கடைசியில் வேகம். வரிசையை மாற்றினால் என் கேமரா பேசாமல் ஒய்யுஒய்விக்கே திரும்பிவிட்டது. செட் அழைப்பு 'சரி' என்று பதில் தருவதை நம்பவே கூடாது. நான்கையும் அமைத்த பிறகு நான்கையும் கெட் செய்து திரையில் அச்சிட்டுப் பார்க்கிறேன். அந்த நான்கு வரி இப்போது என் எல்லா நிரலிலும் நிரந்தரமாக இருக்கின்றன. விண்டோஸில் இதே நிரலை ஓட்டியபோது கேமரா திறக்கவே வெகுநேரம் எடுத்தது. ஓப்பன்சிவி கேமராவைத் திறக்கும் விண்டோஸ் இடைமுகத்தை எம்எஸ்எம்எஃப் இலிருந்து டிஷோவுக்கு மாற்றியதும் சட்டென்று திறந்தது.

எம்ஜேபிஜிக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு ஃபிரேமையும் விரிக்கச் செயலிக்கு 8 மில்லி விநாடி பிடிக்கிறது, உருப்பெருக்கிப் பார்த்தால் 8 × 8 பிக்சல் கட்டங்களின் தடம் தெரிகிறது. ஈயத்தின் விளிம்பைச் சுற்றி லேசான அழுக்கு போலத் தெரிவது அதுதான், ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) இல்லை. இது புரியும்வரை பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம்

30 கேட்டேன், 30 என்று கெட்டும் சொன்னது. நானே பைத்தானின் பெர்ஃப்_கவுன்டர் கடிகாரத்தால் நூறு ஃபிரேமுக்கு நேரம் எடுத்துப் பார்த்தால் விநாடிக்கு 15. கேமரா சொல்லும் வேகம் ஒப்பந்தம். வரும் வேகம் வேறு.

இங்கே காரணம் இருட்டு. வெளிச்சம் போதாதபோது கேமரா எக்ஸ்போஷரை (உணரி ஒளி வாங்கும் நேரத்தை) நீட்டுகிறது, 33 மில்லி விநாடிக்கு மேல் நீட்டினால் ஃபிரேம் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. எக்ஸ்போஷர்_டைனமிக்_ஃபிரேம்ரேட் என்ற கட்டுப்பாட்டை 0 ஆக்கினால் வேகம் குறையாமல் நிற்கும், ஆனால் படம் இருண்டுவிடும். ஆகவே உண்மையான தீர்வு விளக்குதான். எல்இடி மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து வைத்தேன். வேகம் 30க்கு வந்தது, கூடவே படத்தில் மேலிருந்து கீழாக நகரும் கருப்புப் பட்டைகளும் வந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். உணரி வரி வரியாகப் படிப்பதால் அது பட்டையாகத் தெரிகிறது. எக்ஸ்போஷர் 10 மில்லி விநாடியின் மடங்காக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்து, பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 8.33 இன் மடங்கு.

தானியங்கி எக்ஸ்போஷரை முழுவதுமாக அணைத்துவிட வேறொரு காரணமும் கிடைத்தது. உருகிய ஈயம் ஒரு சிறு முகக்கண்ணாடி. விளக்கு அதில் பட்டுத் தெறித்ததும் கேமரா பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், சரியாக நான் பார்க்க வேண்டிய அந்த நொடியில். எனவே கைமுறைக்கு மாற்றி, எக்ஸ்போஷரை 200 என்று வைத்தேன். வி4எல்2 இல் இதன் அலகு 100 மைக்ரோ விநாடி, ஆகவே 20 மில்லி விநாடி. எக்ஸ்போஷர் முறையைக் குறிக்கும் எண்ணில் 1 என்றால் கைமுறை, 3 என்றால் தானியங்கி. இந்த எண்கள் எல்லா இயங்குதளத்திலும் ஒன்றாக இருக்காது என்பதால் நிரலை இடம் மாற்றும்போது கவனம் தேவை. விளக்குக்கு முன்னால் டிரேசிங் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டியதும் ஈயத்தின் மேலிருந்த கூரிய வெள்ளைப் புள்ளிகள் மென்மையான வெளிச்சமாகப் பரவின. நல்ல இணைப்பின் குழிந்த வளைவு, குளிர்ந்துபோன இணைப்பின் சொரசொரப்பு இரண்டையும் அப்போதுதான் முதன்முறையாகத் திரையில் பிரித்துப் பார்க்க முடிந்தது. மென்பொருளில் எந்த வடிகட்டியும் அந்தத் தாள் செய்ததைச் செய்திருக்காது.

தாமதத்தை அளத்தல்

இவ்வளவும் செய்த பிறகும் அயர்ன் பிந்தித்தான் நகர்ந்தது. கண்ணால் பார்த்துக் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை, எண் வேண்டும். மில்லி விநாடி ஓடும் கடிகாரம் ஒன்றைத் தனி நிரலாக எழுதித் திரையின் இடப்பக்கம் ஓடவிட்டேன். கேமராவை அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்படி திருப்பினேன். கேமராவின் சாளரம் திரையின் வலப்பக்கம். இப்போது திரையில் இரண்டு கடிகாரம்: ஒன்று உண்மை, மற்றது கேமரா வழியாகச் சுற்றி வந்தது. கைபேசியால் இரண்டையும் ஒரே படமாக எடுத்து, எண்களைக் கழித்தால் முழுத் தாமதமும் கிடைக்கிறது. திரை விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது, ஆகவே ஒரு படத்தில் 16.7 மில்லி விநாடி வரை பிசகு இருக்கும். கடைசி இலக்கம் எப்போதும் 8 போலவே தெரியும், எல்லா இலக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுவதால். பல படம் எடுத்துச் சராசரி பார்த்தால் போதும்.

வந்த எண்கள் 430-க்கும் 480-க்கும் இடையில்.

அடுத்து நிரலுக்குள் ஒவ்வொரு அடிக்கும் நேரம் எடுத்தேன். ஜேபெக் விரிப்பு 8. பைலேட்டரல் வடிகட்டி, படத்தின் இரைச்சலைக் குறைக்கப் போட்டது, 38. ஒளி வேறுபாட்டைக் கூட்டும் க்ளாஹே, நிற மாற்றங்களையும் சேர்த்து, 14. வெயிட்கீக்குள் நான் கொடுத்திருந்தது 30, எங்கோ பார்த்த உதாரண நிரலில் இருந்து அப்படியே வந்த எண். மொத்தம் 90 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. ஆனால் 90 எங்கே, 450 எங்கே? மீதி யாரிடம் இருக்கிறது?

வரிசையில் இருந்தது. வி4எல்2 வழியாகத் திறக்கும்போது ஓப்பன்சிவி இயல்பாக நான்கு பஃபர் (ஃபிரேமைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) கேட்டு வாங்குகிறது. கேமரா 33 மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் கொண்டுவந்து போடுகிறது, நான் 90-க்கு ஒன்றுதான் எடுக்கிறேன். வரிசை எப்போதும் நிரம்பியே இருக்கும். ரீட் எனக்குத் தருவது புதிய ஃபிரேமை அல்ல, வரிசையில் முதலில் நிற்கும் பழையதை. ஒன்று என் கையில், மூன்று வரிசையில் என்றால் மூன்று சுற்று, 270 மில்லி விநாடி, வெறும் காத்திருப்பு. அதனோடு எக்ஸ்போஷர், கம்பி, என் செயலாக்கம், திரை எல்லாம் சேர்ந்தால் 450-ஐ நெருங்கிவிடும். சுற்று நீள நீள அந்தக் காத்திருப்பு மூன்று மடங்காக நீள்கிறது என்பதுதான் இதில் கொடுமை. 38 மில்லி விநாடி வடிகட்டி ஒன்றைச் சேர்த்தால் 38 மட்டும் கூடும் என்று நினைக்கிறோம். 150 வரை கூடுகிறது.

பஃபர் அளவை 1 ஆக்கிவிடலாமே என்று அதைத்தான் முதலில் செய்தேன். தாமதம் இறங்கியது, ஆனால் ஃபிரேம் வேகமும் விழுந்தது. இருக்கும் ஒரே பஃபர் என் கையில் இருக்கும்போது கேமரா கொண்டுவரும் ஃபிரேமைப் போட இடமில்லை. நான் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்த ஃபிரேம் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

இரண்டாவது வழி கொஞ்சம் தந்திரமானது, எனக்கு மிகவும் பிடித்தது. ரீட் என்பது கிராப், ரிட்ரீவ் என்ற இரண்டு அழைப்புகளின் சேர்க்கை. கிராப் வரிசையிலிருந்து எடுக்க மட்டும் செய்யும், ஜேபெக்கை விரிப்பது ரிட்ரீவ். ஆகவே பழைய ஃபிரேம்களைக் கிராப் செய்து தூக்கிப் போடுவதற்குச் செலவே இல்லை. எத்தனை தூக்கிப் போடுவது? கிராப்புக்கு எடுக்கும் நேரமே சொல்லிவிடும். ஒரு மில்லி விநாடிக்குள் திரும்பி வந்தால் அது வரிசையில் கிடந்த பழையது. காத்திருந்து வந்தால் அது இப்போதுதான் பிறந்த புதியது. 'கிராப் 5 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும்வரை சுற்று, பிறகு ரிட்ரீவ் செய்' என்று மூன்று வரி. இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை), பூட்டு எதுவும் தேவையில்லை. குறை ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஃபிரேமுக்காக 33 மில்லி விநாடி வரை சும்மா நிற்க வேண்டும்.

கடைசியில் நிலைத்தது தனி இழை. ஓர் இழை ஓயாமல் ரீட் செய்து, கடைசியாக வந்த ஃபிரேமை மட்டும் ஒரு மாறியில் வைத்திருக்கும். முந்தையது எடுக்கப்படாமலே போனாலும் கவலையில்லை. முதன்மைச் சுழற்சி தனக்கு நேரம் கிடைக்கும்போது அதை எடுத்துக்கொள்ளும். பைத்தானில் இழைகள் உண்மையில் இணையாக ஓடாது என்ற அச்சம் இங்கே பொருந்தாது, ஓப்பன்சிவி தன் வேலையைச் செய்யும்போது பைத்தானின் பொதுப் பூட்டை விட்டுவிடுகிறது. இம்ஷோவையும் வெயிட்கீயையும் மட்டும் முதன்மை இழையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், சாளரங்கள் பிற இழைகளிலிருந்து அழைத்தால் முரண்டு பிடிக்கின்றன. ஃபிரேமுக்கு ஒரு வரிசை எண்ணும் கொடுத்தேன், ஒரே ஃபிரேமை இரண்டு முறை செயலாக்கிக்கொண்டிருக்காமல் இருக்க. இந்த நிலையில் கடிகாரம் காட்டியது ஏறக்குறைய 160.

பிறகு களையெடுப்பு. வெயிட்கீ 30 இலிருந்து 1. பைலேட்டரல் வடிகட்டி போயே போய்விட்டது, நல்ல வெளிச்சம் வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. க்ளாஹேயை வைத்துக்கொண்டேன், 8 × 8 கட்டம், வரம்பு 2.0, ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் லேப் நிறவெளியின் ஒளிர்வுத் தளத்தில் மட்டும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகளும் செம்புத் தடங்களும் அதில் எழுந்து நிற்கின்றன. கடிகாரம்: 90-க்கும் 105-க்கும் இடையில். இதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் கேமராவையே மாற்ற வேண்டும். 20 மில்லி விநாடி எக்ஸ்போஷர், ஒரு ஃபிரேம் படிக்கவும் அனுப்பவும் 33, விரிப்பு 8, திரைக்கு ஒரு புதுப்பிப்பு என்று மீதி எல்லாம் வன்பொருளின் கையில் இருக்கிறது, நிரலின் கையில் இல்லை.

சில்லறை வசதிகள்

உருப்பெருக்கத்துக்கு ஃபிரேமின் நடுப்பகுதியை வெட்டி ரீசைஸ் செய்கிறேன். வெட்டிய துண்டு தனிப் பிரதி அல்ல, மூலப் படத்தின் மேல் திறந்த சன்னல். அதில் அளவுகோட்டை வரைந்தால் மூலத்திலும் வரையப்பட்டுவிடும். உறையவைக்க ஒரு விசை, பிஎன்ஜியாகச் சேமிக்க ஒரு விசை. ஏற்கெனவே ஜேபெக் வழியாக வந்ததை மறுபடியும் ஜேபெக்காகச் சேமிப்பது வேண்டாம்.

பதிவு செய்யும் வசதியில் இரண்டு பொறி. வீடியோரைட்டருக்குச் சொன்ன அளவும் கொடுக்கும் ஃபிரேமின் அளவும் ஒரு பிக்சல் வேறுபட்டாலும் அது சத்தம் போடாது, கோப்பு மட்டும் காலியாக இருக்கும். அதற்குக் கொடுக்கும் ஃபிரேம் வேகம் கோப்பின் தலைப்பில் எழுதும் எண் மட்டுமே. உண்மையில் விநாடிக்கு 24 வந்து, 30 என்று எழுதினால், கைகள் அவசர அவசரமாக வேலை செய்வது போல ஓடும்.

பக்கத்துப் பக்கத்து இணைப்புகளை ஒட்டவைத்துவிடும் ஈயப் பாலம் விழுந்தால் தானாகக் கண்டுபிடிக்க, பற்றவைக்கும் முன் எடுத்த படத்தைப் பின் எடுத்த படத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். நேரடியாகக் கழித்தால் 8 பிட் எண்கள் சுற்றிக்கொண்டு 10-இலிருந்து 20 போனால் 246 என்று வரும். வித்தியாசத்தின் அளவை மட்டும் தரும் அப்ஸ்டிஃப் அதைச் சரிசெய்கிறது. தசம எண்ணாக மாற்றிக் காட்டினால் சாளரம் முழுக்க வெள்ளை, ஏனென்றால் தசமப் படங்களில் இம்ஷோவுக்கு 1 என்பதே முழு வெள்ளை. 255-ஆல் வகுத்துத் தர வேண்டும். இதையெல்லாம் சரிசெய்த பிறகு கிடைத்தது ஒரு ஒளிவெள்ளம். புதிய ஈயம் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வேறு கோணத்தில் தெறிப்பதால் எல்லா இணைப்பும் 'மாறிவிட்டது' என்றே சொல்கிறது. பலகை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அப்படித்தான். கைவிட்டேன், இதற்குக் கண்ணே போதும்.

உயரம்

தாமதம் தீர்ந்ததும் மிஞ்சிய தொல்லை கேமரா நிற்கும் உயரம். 6 செ.மீ. இடைவெளியில் அயர்னின் கைப்பிடி கேமராவில் இடிக்கிறது, ஃபிளக்ஸ் புகை நேராக லென்ஸில் படிகிறது. 10 செ.மீ.க்கு உயர்த்தி மறுபடி ஃபோகஸ் செய்தேன். தெரியும் அகலம் 80 மி.மீ. ஆயிற்று, மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். 0603-க்கு இது போதும், 26-க்கு 13 பிக்சல் வருகிறது. ஆனால் 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் உள்ள சிப்பில் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு 8 பிக்சல்தான். இடையில் பாலம் இருக்கிறதா என்று அதில் ஊகிக்கத்தான் முடியும்.

மேலிருந்து பார்க்கும் படத்தில் ஆழமும் தெரிவதில்லை, முனை பலகையைத் தொட்டதா, அதற்கு மேல் நிற்கிறதா என்று புரியாது. பக்கவாட்டில் இரண்டாவது கேமரா ஒன்றை வைத்தபோது அது திறக்க மறுத்து, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றது. வட்டில் இடமில்லை என்று அர்த்தம் இல்லை, யுஎஸ்பி பாதையில் இடமில்லை என்று அர்த்தம். சில கேமராக்கள் சுருக்கிய படத்துக்கும் முழு அலைவரிசையை முன்பதிவு செய்துவிடுகின்றன. எல்எஸ்யுஎஸ்பி-க்கு டி கொடுத்து மரமாகப் பார்த்தபோது இரண்டும் ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் தொங்கின. முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றியதும் இரண்டும் ஓடின. பக்கக் கேமராவுக்கு 640 × 480 தாராளம், சாளரத்தின் மூலையில் சின்னதாக ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்போதைய தாங்கியில் இரண்டு காடி வெட்டியிருக்கிறேன், 10 செ.மீ.யில் வேலைக்கு, 6 செ.மீ.யில் ஆய்வுக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினால் லென்ஸையும் திருப்ப வேண்டியிருக்கிறது. குழலில் மார்க்கரால் இரண்டு கோடு போட்டு வைத்தும் எரிச்சல் குறையவில்லை. அடுத்த முறை மேசை வெப்கேமராவைத் தொடவே மாட்டேன். எம்12 (12 மி.மீ.) மரை கொண்ட பலகைக் கேமராவில் 16 மி.மீ. குவியத் தூர லென்ஸைப் போட்டால், கேமரா எட்டி நிற்கும்போதே நெருக்கமான பார்வை கிடைக்கும், நடுவில் அயர்னுக்கும் புகைக்கும் இடம் இருக்கும், காடி ஒன்றே போதும். எம்12 லென்ஸ் குழலில் இறுக்கும் வளையமும் உண்டு என்பதால் டெஃப்லான் நாடாவுக்கும் வேலையில்லை. வாங்கும் முன் அந்தக் கேமராவின் வடிவப் பட்டியலைப் பார்த்து, 1280 × 720 எம்ஜேபிஜியில் 60 ஃபிரேம் தருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தந்தால், படித்து அனுப்பும் அந்த 33 மில்லி விநாடி பாதியாகும். எக்ஸ்போஷரையும் 20 இலிருந்து 10-க்கு இறக்கலாம், அதற்கு விளக்கு இப்போது இருப்பதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும்.